கட்டிங் அக்கா மரத்துக்கு மாறிய கதை

தெருவில் யாரைக் கேட்டாலும் "கட்டிங் அக்கா கடையா, அதோ" என்றுதான் கை காட்டுவார்கள். வாசல் பலகையில் வேறு ஏதோ பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. அதை எழுதியவரைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. உள்ளே இரண்டே பேர். நீளமான வெட்டும் மேசைக்குப் பின்னால் கட்டிங் அக்கா. ஜன்னலோரம் தையல் மெஷினில் அவளுடைய ஓரகத்தி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பதே பெரும்பாடு. ஒரே கடையிலும் உட்கார்ந்துகொண்டு இவர்கள் இன்னும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்கிறார்கள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். பெரியவள் தைக்க மாட்டாள், சின்னவள் வெட்ட மாட்டாள். ஒருத்தி வேலையில் மற்றவள் மூக்கை நுழைப்பதில்லை.

கட்டிங் அக்காவுக்குத் தன் கையைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டும், அந்தக் கைக்கு அது தகும். கல்யாணத்துக்கு முன்னால் சீருடைத் தொழிற்சாலையில் வெட்டும் பிரிவில் இருந்தவள். வாசலில் நுழையும் ஆளைப் பார்த்தே எந்தத் தோள் இறக்கம் என்று சொல்லிவிடுவாள். கழுத்து வளைவை வெட்டும்போது கத்தரிக்கோலை நடுவில் எடுத்து வைப்பதெல்லாம் கிடையாது, ஒரே ஓட்டம். அந்த நேரத்தில் கடையில் யாராவது பேசினால் ஒரு பார்வை பார்ப்பாள், பேசியவர் கடன்காரர் மாதிரி தலை குனிந்துகொள்வார்.

அந்தக் கைதான் நடுங்க ஆரம்பித்தது. முதலில் தேநீர்க் கோப்பையில் தெரிந்தது. தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு துணியில் கோடு போடும் சாக்கட்டியில் தெரிந்தது, பிறகு கத்தரிக்கோலிலேயே தெரிந்தது. யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் டாக்டரிடம் போனாள். "உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லம்மா. மாத்திரை தர்றேன், கொஞ்சம் கேக்கும். சுத்தமா போயிடும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க" என்றார் அவர். வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்பு. வேலை போவதைப் பற்றிக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. சின்னவள் தன்னை 'ஐயோ பாவம்' என்று ஒரு பார்வை பார்த்துவிட்டால், அதற்கப்புறம் அந்தக் கடையில் எப்படி நிற்பது என்றுதான் பயந்தாள்.

இந்த இடத்தில் கட்டிங் அக்காவின் கணவரைச் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் மெக்கானிக். வேலையில் கெட்டிக்காரர், வீட்டில் ஆரம்ப சூரர். மீன் தொட்டி வாங்கினார், இப்போது அதில் பழைய செருப்புகள் இருக்கின்றன. உடற்பயிற்சிக்கு ஓடும் மெஷின் வாங்கினார், அதில் துணி காய்கிறது. கடைசியாக, கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை அப்படியே மரத்தில் வெட்டித் தரும் சி.என்.சி. ரவுட்டர் ஒன்றை, வீட்டில் வைத்துக்கொள்ளும் சின்ன அளவில், பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார். ஒரு சட்டம், மூன்று மோட்டார், நடுவில் சுற்றிச் சுற்றி மரத்தை வெட்டும் குச்சி போன்ற ஒரு பிட். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் முடுக்கிப் பூட்டினார். முதல் பிட் உடைந்தது. இரண்டாவது பிட்டும் உடைந்தது. மூன்றாவதை மாட்டாமல் மேலே ஒரு போர்வையைப் போர்த்தி, கடையின் பின்னறையில் விட்டுவிட்டார்.

"என்னங்க, அந்த மெஷினை எப்படி ஓட்டறதுன்னு எனக்குக் காட்டுங்களேன்" என்று ஒரு விடுமுறை நாளில் கட்டிங் அக்கா கேட்டாள்.

"உனக்கெதுக்கு அது?"

"சும்மாதானே கிடக்குது."

சும்மா கேட்கவில்லை. அவள் மனத்தில் ஒரு திட்டம் இருந்தது. கை போய்விட்டது என்று கட்டிங்கை விட்டால் அது தோல்வி. புதிதாக ஒன்றில் ஆசை வந்து, 'நான் இனி மரத்துக்குப் போகிறேன்' என்று தானாக விலகினால்? யார் என்ன சொல்ல முடியும்? கோடு இழுப்பதும் வெட்டுவதும் மெஷின் பாடு. நடுக்கத்தை அது கண்டுபிடிக்காது.

கணவர் மகிழ்ந்துபோய்த் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். தேநீர் ஆறுவதற்குள் அது முடிந்துவிட்டது. மிச்சத்தை அவள் தானே விழுந்து எழுந்து கற்றாள்.

முதல் விழுதல் இஸ்திரிப் பெட்டியால் வந்தது. துணி நகராமல் இருக்க மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைப்பது அவள் வழக்கம். மரப் பலகையின் மேலும் அதையே வைத்தாள். பிட் உள்ளே இறங்கியதும் பலகை கிளம்பியது. பலகையோடு இஸ்திரிப் பெட்டியும், ஜன்னல் சீட்டு கிடைத்த பயணி மாதிரி, நிதானமாக மேசை ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கணவர் ஓடிவந்து சிவப்பு பட்டனை அடித்தார். பலகையை நாலு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும் என்ற விஷயத்தை அவர் அப்போதுதான் சொன்னார்.

அடுத்து ஓர் இலை. கறுப்பு மரத்தில் இலையை வெட்டி, வெள்ளை மரத்தில் அதே அளவுக்குக் குழி எடுத்து, இலையைக் குழிக்குள் பதிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கோட்டைக் கொடுத்தாள். வெட்டி எடுத்து வைத்தால் இலை குழிக்குள் லொடலொடவென்று ஆடியது. அவளுக்குப் புரியவே இல்லை. அவள் அளவு தப்பாது. யோசித்துப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. கத்தரிக்கோல் துணியைப் பிரிக்கும், தின்னாது. இந்த பிட்டுக்கு ஓர் அகலம் உண்டு. போகும் வழியெல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மரத்தைத் தூளாக்கித் தின்றுகொண்டே போகிறது. தையல்காரிக்கு இதற்கு என்ன வைத்தியம் தோன்றும்? தையலுக்கென்று ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக விடுவதுதான். அடுத்த இலையில் சுற்றிவர ஒரு விரல் அகலம் விட்டுவிட்டாள். அது குழிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

"மரத்தை மடிச்சுத் தைக்கப் போறியா?" என்று கேட்டார் கணவர். கட்டிங் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இலைக்குக் கோட்டின் வெளிப்பக்கமாகவும், குழிக்குக் கோட்டின் உள்பக்கமாகவும் பிட்டைப் போகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கம்ப்யூட்டரிலேயே வழி இருந்தது. பிட் உருண்டை, அதனால் கூர்மையான மூலைக்குள் அது நுழையாது என்று தெரிந்ததும் இலையின் நுனியைக் கொஞ்சம் மழுக்கினாள். இந்த முறை கட்டை விரலால் அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. ஓரத்தில் தாள் நுழைய இடமில்லை. எடுத்து மறுபடி அழுத்தினாள். மறுபடி டக். தான் நினைத்த கோடு கோணாமல் வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. சாக்குக்காகத் தொட்ட மெஷின் அவளைப் பிடித்துக்கொண்டது.

மற்றதெல்லாம் வேகமாக வந்தது. மரத்துக்கும் துணி மாதிரியே நெடுக்கு, குறுக்கு உண்டு. குறுக்கில் போனால் பிசிறும். வெட்டிய துண்டு கடைசியில் பிய்த்துக்கொண்டு பறக்காமலிருக்க அங்கங்கே சின்னச் சின்ன இணைப்பு விட்டு, பிறகு அறுத்தெடுக்க வேண்டும். தைப்பதற்கு முன்னால் நூலோட்டி வைப்பது போலத்தான். இதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பூக்கடைக்காரர் அந்த இலைப் பலகையைப் பார்த்துவிட்டு, தன் கடைக்குக் கொடி படர்ந்த மாதிரி ஒரு பெயர்ப்பலகை வேண்டும் என்றார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று கட்டிங் அக்கா சின்னவளிடம் பேச்சை எடுத்தாள்.

"நான் இனிமே மரத்தையே பாத்துக்கலாம்னு இருக்கேன். கட்டிங்குக்கு ஒரு ஆளைப் போட்டுக்கலாம்."

சின்னவள் மெஷினை நிறுத்தினாள். அவள் மடியில் வெள்ளைத் துணி. அதன் மேல் மாவு தூவினாற்போல் மரத்தூள். பின்னறைக் கதவை எவ்வளவு சாத்தினாலும் அது வந்துவிடுகிறது. இத்தனை நாளும் அவள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"மரத்தூளை நான் உதறிக்கிறேன் அக்கா. ஆள் போட்டுக்கலாம்னு அவ்வளவு லேசா சொல்லிட்டீங்களே, அதை என்ன பண்றது?"

"அதில என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணுமில்ல. நீங்க வெட்டினதைத்தான் இத்தனை வருஷமா தைச்சிருக்கேன். எனக்கு வேற யார் வெட்டும் தெரியாது. பொம்மை மெஷின் வந்ததும் கை கழுவிட்டுப் போறீங்க, போங்க."

அதன் பிறகு கடையில் அளவுகள் மட்டும்தான் பேசப்பட்டன. இடுப்பு இவ்வளவு, கை இவ்வளவு, அதோடு சரி. மதியச் சாப்பாட்டைக்கூட ஒருத்தி மேசையிலும் ஒருத்தி ஜன்னலோரமுமாகத் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். திட்டம் நடந்துவிட்டது, சின்னவள் எதையும் சந்தேகப்படவில்லை. கட்டிங் அக்கா நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். சோறுதான் இறங்கவில்லை.

பூக்கடைப் பலகையை வெட்ட ஒரு மதியம் அவள் மெஷினைத் தயார் செய்தாள். வேலை தொடங்குமுன் மரத்தின் மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லியாக வேண்டும். அது கொஞ்சம் பிசகினாலும் பிட் காற்றில் வெட்டும், அல்லது மரத்துக்குள் குத்தி உடையும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சுற்றாமல் நிற்கும் பிட்டின் கீழே ஒரு மெல்லிய தாளை வைத்து, தாளை அசைத்துக்கொண்டே பிட்டை மயிரிழை மயிரிழையாக இறக்க வேண்டும். தாள் எப்போது அகப்பட்டு நிற்கிறதோ, அதுதான் மரம் தொடங்கும் இடம். வழக்கமாக வைக்கும் தாள் கிழிந்திருந்தது. கட்டிங் அக்கா ஒரு பழைய பத்திரிகையை எடுத்தாள், முன்னறை மேசையிலிருந்து தன் கத்தரிக்கோலை எடுத்துவந்து, அதில் ஒரு பட்டை வெட்டினாள்.

கதவருகில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள்.

துணி வெட்டும் கத்தரிக்கோலால் யாரும் காகிதம் வெட்ட மாட்டார்கள். காகிதம் பட்டால் அதன் கூர் போய்விடும், பிறகு துணியைக் கடிக்கும். தையல் கடையில் முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவருக்குக்கூட இது தெரியும். ஒரு முறை கணவர் அவசரத்துக்கு அந்தக் கத்தரிக்கோலால் காலண்டர் தாளை வெட்டியதற்கு, கட்டிங் அக்கா வாரக்கணக்கில் அவரோடு பேசவில்லை.

"அக்கா, அது துணிக் கத்தரி" என்றாள் சின்னவள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா அதுல பேப்பர் வெட்டறீங்க?"

மரத்தின் மேல் ஆசை வந்ததால் ஒருத்தி இப்படிச் செய்ய மாட்டாள். இனி இந்தக் கத்தரிக்கோல் தனக்கு வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டவள்தான் செய்வாள். சின்னவள் உள்ளே வந்து அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். அதன் ஓரம் எலி கடித்தது போல் இருந்தது. பிறகு அவள் நிமிர்ந்து கட்டிங் அக்காவின் கையைப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா. டாக்டர்கிட்ட போனேன். உயிருக்கு ஒண்ணுமில்லன்னுட்டார். ஆனா போகாதாம்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப அந்த நீலச் சட்டை? காலர் சரியா உக்காரலன்னு பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேனே. என் தையல்தான் கோணல்னு நினைச்சு ராத்திரியெல்லாம் அழுதேன் அக்கா."

கட்டிங் அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. தன்னை மறைத்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தாள். பழி எங்கே போய் விழுந்தது என்று அவள் பார்க்கவே இல்லை.

"நீ என்னைப் பாவம்னு பாத்துடுவியோன்னு பயந்தேன்" என்றாள்.

"பாவமா? எனக்குக் கோவம்தான் வருது" என்றாள் சின்னவள். மூக்கு சிவந்திருந்தது. உண்மையிலேயே கோபம்தான். கட்டிங் அக்காவுக்கு அதைப் பார்க்க அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

சின்னவள் லேப்டாப் முன்னால் வந்து நின்றாள். "எதை அமுக்கணும்? நீங்க பேப்பரைப் பிடிங்க. பூக்கடைக்காரர் சாயங்காலம் வந்து நிப்பார்."

கட்டிங் அக்கா தாளைப் பிட்டின் கீழே பிடித்தாள். தாள் படபடவென்று ஆடியது. முதல் முறையாக ஒருத்தி பார்க்க அது ஆடியது. சின்னவள் ஒவ்வொரு அழுத்தாக அழுத்திப் பிட்டை இறக்கினாள். தாளை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை, கையே அதைச் செய்துகொண்டிருந்தது. ஓர் அழுத்தில், கை நடுங்கிக்கொண்டே இருக்க, தாள் நின்றது.

"போதும்" என்றாள் கட்டிங் அக்கா.

பலகை அழகாக வந்தது. பூக்கடைக்காரர் அதைத் துணியில் சுற்றி வாங்கிப்போனார். சின்னவள் கத்தரிக்கோலை ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தாள். வளைவில் அது கடித்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை சாணை பிடித்து எடுத்துவந்தாள். அதை மேசையில் அதன் இடத்தில் வைத்துவிடுவாள் என்று கட்டிங் அக்கா நினைத்தாள். சின்னவள் வைக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம், கட்டிங் அக்கா எப்போதும் நிற்கும் இடத்துக்கு வந்து நின்றாள். துணியை விரித்தாள். "கோட்டை நீங்க சொல்லுங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

கேட்டிருந்தால் கட்டிங் அக்கா கொடுத்திருக்க மாட்டாள். சின்னவள் கேட்காமலே எடுத்துக்கொண்டுவிட்டாள். கட்டிங் அக்கா மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். பிறகு தன் வழக்கப்படி முதலில் கையைப் பார்த்தாள். கைப்பிடிக்குள் சின்னவளின் விரல் வழுக்கிக்கொண்டிருந்தது.

"கட்டை விரல் வளையம் உனக்குப் பெரிசு," என்றாள், "துண்டுத் துணி ஏதாவது சுத்திக்கோ. இனிமே உன் கைக்குத்தானே."