மேரி வந்துவிட்டாள்

வெள்ளைக் காடாத் துணியில் தைத்த ஏப்ரன் அது, கழுத்தில் மாட்டிச் சேலைக்கு மேல் கட்டிக்கொள்வது. மார்புப் பக்கம் சிவப்பு நூலால் ஆங்கிலத்தில் 'மேரி' என்று எழுதியிருக்கும். என் மதினிக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. ஆனாலும் அந்த எழுத்துகளை விரலால் தடவிக் காட்டி, "இதுதாம்ட்டி நானு" என்பாள். அறுபதுகளில் பம்பாய் ஜுஹு கடற்கரையில் ஒரு விடுதியில் அவள் ஆயா வேலை பார்த்தாள். நான் அங்கேயே துணி வெளுக்கும் கொட்டகையில் இருந்தேன். மழைக்காலம் முடிந்ததும் விடுதி திறக்கும், அடுத்த மழை வருமுன் மூடிவிடும். மூடுகிற நாளன்று விடுதியை நடத்திய மேம்சாப் வாசலில் நின்றுகொண்டு, "மேரி, ஏப்ரன் உதார் கே ஜா" என்பாள். கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்று அர்த்தம். மதினி கழற்றி, மடித்துக் கொடுப்பாள். பிறகு தாராவிக்கு வந்து, கூரை ஒழுகுகிற இடங்களில் பாத்திரம் வைத்துக்கொண்டு மழை விடக் காத்திருப்போம்.

மதினிக்கு அவள் அப்பா வைத்தது குலதெய்வத்தின் பெயர். அது மேம்சாப் வாயில் நுழையவில்லை. நுழைக்க அவள் மெனக்கெடவும் இல்லை. குழந்தையை நம்பிக் கொடுக்க மேரி என்ற பெயர்தான் தோது என்று நினைத்தாளோ என்னவோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதினிக்கோ பெருமை தாங்கவில்லை. வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யார் இருந்தார்கள்? என் அண்ணனுக்கு அவள் 'ஏ, இவளே'. எனக்கு மதினி. என் அம்மாவுக்கு, அன்றைக்கு வாயில் வந்த வசவு எதுவோ அது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லையே என்ற வசவு. விடுதியில்தான் ஒரு குழந்தை நாள் முழுக்க மேரி, மேரி என்று அவள் பின்னால் சுற்றியது.

நாக்பூரிலிருந்து ஒரு டாக்டர் குடும்பம் ஒவ்வொரு டிசம்பரிலும் வந்து தங்கும். அவர்களுடைய பெண் குழந்தையைப் பேபி என்பார்கள். அது நடக்கப் பழகியதே மதினியின் விரலைப் பிடித்துக்கொண்டு, ஜுஹு மணலில்தான். அடுத்தடுத்த வருடங்களிலும் வந்தது; வந்து இறங்கியதும் அவள் இடுப்பில் ஏறிக்கொள்ளும். "வாட்டி" என்று அவளையே அதட்டக் கற்றுக்கொண்டது. ஒரு மழைக்காலம் முழுக்க மதினி உட்கார்ந்து அதற்கு ஒரு கவுன் தைத்தாள். அளவுக்கு என்ன செய்வாள்? கையைத் தரையிலிருந்து உயர்த்தி, இன்னும் கொஞ்சம் உயர்த்தி, "ஒரு வருசம் வளந்துருக்கும்லா?" என்று என்னைக் கேட்டாள்.

அந்த வருடம் விடுதி திறக்கும் நேரத்தில் தோல் பட்டறையில் வேலை பார்த்த என் அண்ணன் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டான். மதினியால் கிளம்ப முடியவில்லை. நான் முன்னால் போய், மதினி கொஞ்சம் தாமதமாக வருவாள் என்று மேம்சாப்பிடம் சொன்னேன். "அச்சா, அச்சா" என்று தலையை ஆட்டினாள். தீபாவளி கழிந்து, அண்ணன் எழுந்து நடமாடிய பிறகு, மதினி என்னோடு மாஹிமில் ரயிலேறினாள். கவுன் பையில் இருந்தது. வாசலில் அவளைப் பார்த்த மேம்சாப் கோபப்படக்கூட இல்லை. "மேரி தோ ஆ கயீ" என்றாள். மேரி வந்துவிட்டாளே என்று. சொன்னபடி உள்ளே அந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வேறொரு பெண் நின்றாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன், அவளுக்கும் வீட்டில் வேறு பெயர்தான் இருந்திருக்கும். மதினியைப் போனால் போகிறதென்று என்னோடு கொட்டகைக்கு அனுப்பினார்கள்.

டிசம்பரில் பேபி வந்தது. பந்தைத் துரத்திக்கொண்டு கொட்டகைப் பக்கம் ஓடிவந்தது, மதினியைப் பார்த்ததும் பந்தை விட்டுவிட்டு, "மேரி!" என்று அவள் ஈரச் சேலையைக் கட்டிக்கொண்டது. குழந்தைக்கு முகம் தெரிந்திருந்தது. பின்னாலேயே வந்த தாய்க்குத்தான் தெரியவில்லை. பெற்ற குழந்தையை வருடா வருடம் யார் கையில் கொடுத்தோம் என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காதவள். "நஹீ பேபி, மேரி உதர் ஹை" என்று, மேரி அதோ அங்கே இருக்கிறாள் என்று, ஏப்ரன் கட்டியவளைக் கைகாட்டினாள். குழந்தை மதினியின் முகத்தைப் பார்த்தது, அந்த ஏப்ரனைப் பார்த்தது. பிறகு பிடியை விட்டுவிட்டு அங்கே போயிற்று. மதினி சோப்பு நுரைக் கையோடு அப்படியே நின்றாள். நான்தான் யாருக்கும் கேட்காமல் அந்தத் தாயைத் திட்டித் தீர்த்தேன்.

அந்த ஏப்ரனும் எங்கள் கொட்டகைக்குத்தானே வெளுக்க வரும். மதினி அதைக் கிழித்துப் போடுவாள் என்று எதிர்பார்த்தேன், நானாக இருந்தால் கிழித்திருப்பேன். அவளோ மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக ஊறவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, சிவப்பு எழுத்து நசுங்காமல் இஸ்திரி போட்டாள். உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று கத்தினேன்.

"எம்பேருல்லாட்டி அது. அழுக்கா கெடக்க விடச் சொல்லுதியா?" என்றாள்.

அடுத்த வருடமும் போனோம். வேறு போக்கிடம் ஏது? மழை விட்டதும் முதல் ஆளாக வாசலில் போய் நின்றாள் மதினி. அப்போதும் மேரி வந்துவிட்டிருந்தாள், ஆனால் இது இன்னொரு மேரி. பேபி குடும்பம் அதன்பின் வரவில்லை. என் மகள் பிறந்தபோது அந்தக் கவுனைக் கேட்டேன். பிறகு பார்த்தால், மதினி அதைக் கிழித்து அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கரித்துணியாக்கி வைத்திருந்தாள்.

அண்ணன் போன பிறகு மதினி நவி மும்பை நெருளில் என் மகன் வீட்டில் எங்களோடு இருக்கிறாள். வேலைக்கு வரும் பெண்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். யார் வந்தாலும் மதினிக்கு மேரிதான். வயசாகிவிட்டது, மறதி என்கிறான் என் மகன். மறதியாம்! என் பெயரை அவள் மறக்கவில்லை, அண்ணன் செத்த திதியை மறக்கவில்லை. இப்போது வருகிற பெண் சிரித்த முகக்காரி, என்ன கூப்பிட்டாலும் "ஹான் ஜீ" என்பாள். சாயங்காலம் அவள் செருப்பை மாட்டும்போது மதினி நாற்காலியிலிருந்து குரல் கொடுக்கிறாள்: "மேரி, ஏப்ரன் உதார் கே ஜா." மேம்சாப்பின் அதே குரல். நேற்று அந்தப் பெண் விளையாட்டுக்கு, கழுத்திலிருந்து எதையோ கழற்றுவதுபோல் செய்து மதினியின் கையில் வைத்துவிட்டுப் போனாள். மதினி சிரிக்கவில்லை. அந்த வெறுங்காற்றை வாங்கி, மடித்து, மடியில் வைத்து, எழுத்து இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.