பத்தாயிரத்து ஏழின் மீதி

எங்கள் மன்னார்க் கரையில் பிடித்த மீனை எண்ணிக் கூறு வைப்பார்கள். எல்லாக் கூறும் சரிசமனாக இருக்கவேண்டும். மிஞ்சுகிற மீனுக்காக ஒருவரும் மல்லுக்கு நிற்பதில்லை, அது மாதா கோயிலுக்குப் போய்விடும். அதனால்தான் சின்ன வகுப்பில், வகுத்தல் கணக்கில் ‘மீதி’ என்ற இடத்தில் நான் ‘கோயிலுக்கு’ என்று எழுதிவைத்தேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து என் பட்டப்பெயர் ‘கோயில்மீதி’.

அந்தப் பெயரோடுதான் உயர்தரக் கணிதப் பிரிவுக்கும் போனேன். அங்கே பெண் என்று நான் ஒருத்திதான். கணித ஆசிரியருக்கு, எங்கள் சேருக்கு, அது முதல் நாளே பிடிக்கவில்லை.

“பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஆர்ட்ஸ்தான் தோது,” என்றவர், கரும்பலகையில் 10007 என்று எழுதினார். “திங்கட்கிழமை இதுக்கு ஒரு காரணி கண்டுகொண்டு வாரும். காணாட்டி ஆர்ட்ஸ் வகுப்புக்குப் போம்.”

மிச்சமில்லாமல் அதைப் பிரிக்கிற ஓர் எண் வேண்டுமாம். ஒன்றும் அந்த எண்ணும் கணக்கில் சேராது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, கருவாடு காயும் பந்தலடியில் பழைய கலண்டர் தாளோடு குந்தினேன். ஒரு கை எழுதியது, மற்றக் கை தாளைத் தின்ன வந்த கழுதையைத் துரத்தியது. மன்னார்க் கழுதைக்குக் கணிதமும் புல்லும் ஒன்றுதான். இரண்டால் பிரியாதது நாலால் எப்படிப் பிரியும்? ஆகவே வேறெதாலும் பிரியாத முதன்மை எண்களால் மட்டும் பிரித்துக்கொண்டு, நூறுக்குள் கடைசியான தொண்ணூற்றேழு வரை போனேன். ஒவ்வொன்றிலும் மிச்சம் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த மனிதர் இல்லாத ஒன்றைத் தேட விட்டிருக்கிறார்!

திங்கட்கிழமை எழும்பி நின்று சொன்னேன்: “நூறு வரைக்கும் பிரிச்சுப் பாத்தன், இதுக்குக் காரணி இல்லை சேர். இது முதன்மை எண்.”

“நூறோடை நிப்பாட்டிப்போட்டு இல்லையெண்டுறீர். அங்காலை ஆயிரத்திலை இருந்தா? நீர் பிடிச்ச முயலுக்கு மூண்டு காலோ?”

கடைசி வாங்கில் குந்தியிருந்த பெடியன்கள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன்.

“பத்தாயிரத்து ஏழு மீனைக் கூறு வைக்கிறம் எண்டு நினையுங்கோ சேர். கூறு நூறுக்கு மேலை போனா, ஒரு கூறிலை விழுற மீன் நூறுக்குக் குறைவுதான். அப்ப அந்தச் சின்ன எண்ணும் மிச்சமில்லாமல் பிரிக்கவேணுமே? நூறுக்குக் கீழை எல்லாம் பாத்திட்டன், ஒண்டும் பிரிக்கேல்லை. பிறகு மேலை என்னத்தைத் தேடுறது?”

கடைசி வாங்கில் ஒருத்தன் மெல்ல, “கோயில்மீதி” என்றான்.

“ஓம், கோயில்மீதிதான்,” என்று அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன். “எத்தினை பேர் சேந்து கூறு போட்டாலும் இதிலை மீதி வரும். ஆர்ட்ஸுக்குப் போகமாட்டன் சேர், செய்யிறதைச் செய்யுங்கோ.”

சேர் கரும்பலகையை அழித்தார். ‘இரும்’ என்று அவர் சொல்லவில்லை. நான் இருந்தேன். உயர்தரப் பரீட்சை முடியும்வரை அந்த வாங்கில்தான் இருந்தேன்.