கொம்பு ஏன் முந்திக்கொள்கிறது

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் எப்படி டீச்சர் என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பாள்.

பேர் வந்த கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. ஐந்தும் மூன்றும் ஏழு என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், மற்ற டீச்சர் சிவப்பு மையில் ஒரு கீறு கீறிவிட்டு அடுத்த நோட்டை எடுப்பார். இவள் எடுக்க மாட்டாள். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "ஏழு எப்படி வந்துச்சு?" என்பாள். திட்டுகிற குரல் இல்லை அது. பக்கத்து வீட்டுக்காரியிடம் இந்தப் புடவை எங்கே எடுத்தாய் என்று கேட்கிற குரல். பிள்ளை விரலை நீட்டிக் காட்டும்: அஞ்சு, ஆறு, ஏழு. "அஞ்சையே மறுபடி எண்ணிட்டியா? அது ஏற்கெனவே உள்ள போயிடுச்சே" என்று சொல்லிச் சிரிப்பாள். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் அந்தத் தப்பைச் செய்யாது. வேறு தப்புச் செய்யும், அது வேறு விஷயம்.

இந்தக் கேள்வியை அவள் புத்தகத்தில் படித்து எடுக்கவில்லை. சின்ன வயதில் அவள் பட்ட பாட்டிலிருந்து வந்தது. மரம் என்று எழுதச் சொன்னால் அவள் மறம் என்று எழுதுவாள். சின்ன ர போட வேண்டிய இடத்தில் பெரிய ற. அவளுடைய வாத்தியார் நூறு தடவை எழுதிக்கொண்டு வா என்றார். அவளும் சமர்த்தாக உட்கார்ந்தாள். முதலில் ம மட்டும் மேலிருந்து கீழே நூறு. பிறகு நடு எழுத்து நூறு. கடைசியில் ம் நூறு. கை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. மறுநாள் எழுதச் சொன்னபோது மறுபடியும் மறம். ஏன் என்று யாராவது ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்: மரம் எவ்வளவு பெரிசு, அதுக்குப் போய்ச் சின்ன ர-வா போடுவாங்க? யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தப் பெரிய ற அவள் நெஞ்சுக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

டீச்சராகி இருபத்தாறு வருஷம், எல்லாமே முதல் வகுப்புதான். வேறு வகுப்பு வேண்டாம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிச் சொல்லி வாங்கிக்கொள்வாள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் தப்பை ஒளித்துவைக்கப் பழகி வந்திருப்பார்கள்; கையால் மறைப்பார்கள், ரப்பர் வைத்துத் தேய்த்துத் தாளையே ஓட்டையாக்குவார்கள். முதல் வகுப்புப் பிள்ளை அப்படி இல்லை. தப்பைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து "டீச்சர், பாருங்க" என்று நீட்டும். அந்த நீட்டுகிற கைக்காகத்தான் அவள் அந்த வகுப்பை விடவில்லை.

அவளுடைய வகுப்பறை கீழ்த்தளத்தில் கடைசி. வெளியே தண்ணீர்க் குழாய், அதனால் சத்தம் அதிகம் என்று வேறு யாரும் அந்த அறையைக் கேட்பதில்லை. ஜன்னலில் ஒன்று திறக்காது, ஒன்று மூடாது. பெஞ்சுகள் உயரமாக இருந்து பிள்ளைகளின் கால் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அவள் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு வந்து எல்லாப் பெஞ்சுக் காலையும் நான்கு விரல் அளவுக்கு அறுத்துக் கொடுத்தார். அவர் குழாய் வேலை செய்கிறவர். ஒரு பெஞ்சில் மட்டும் ஒரு கால் மூன்று விரலாகப் போய்விட்டது. அந்தப் பெஞ்சு இன்னமும் ஆடுகிறது.

பிரச்சினை அந்த ஆடுகிற பெஞ்சிலிருந்துதான் கிளம்பியது. அதில் உட்கார்ந்திருந்தவள் பால்காரர் மகள். எழுத்தில் கொம்பு போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரம். எழுத்து தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொன்னால் விஷயம் இதுதான்: கா என்று எழுத க-வுக்குப் பின்னால் ஒரு கால் போட வேண்டும். கை என்று எழுதவோ க-வுக்கு முன்னால் ஒரு கொம்பு போட வேண்டும், அதற்குச் சங்கிலிக் கொம்பு என்று பேர். பால்காரர் மகள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், க சொல்லிட்டுத்தானே ஐ சொல்றோம்? அப்ப கொம்பு பின்னாடிதானே வரணும்? கால் மட்டும் ஒழுங்கா பின்னாடி வருது. கொம்பு ஏன் முந்திக்குது?"

இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. அவளுக்கும் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுவது அவளுக்கு ஆகாது. "எனக்கும் தெரியலடா கண்ணு, எல்லாரும் யோசிப்போம்" என்று சொல்லி, கொம்பு ஏன் முந்திக்கொள்கிறது என்று கரும்பலகை மூலையில் எழுதிக் கட்டம் கட்டிவிட்டாள். தினமும் பத்து நிமிஷம் அதைப் பற்றிப் பேச்சு. கொம்புக்கு அவசரம் என்றது ஒன்று. க-வுக்குக் காவல் நிற்கிறது என்றது இன்னொன்று. இப்படியே இரண்டு வாரம் ஓடிவிட்டது. பக்கத்து அறையில் சின்ன டீச்சர், வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான், எல்லா எழுத்தையும் முடித்துவிட்டுத் திரும்பப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

தலைமை டீச்சர் அந்தப் பள்ளிக்குப் புதிது. கணக்குப் படித்தவர், எப்படி டீச்சரை விட வயதில் சின்னவர். கெட்ட மனுஷி என்று சொன்னால் பாவம். எதையும் தேதி போட்டுப் பார்க்கிறவர், அவ்வளவுதான். திங்கட்கிழமை அறைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், ரெண்டு வாரமா ஒரே கொம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களாமே."

"நான் பிடிக்கல மேடம். பிள்ளைங்க யோசிச்சுக்கிட்டு இருக்காங்க."

"ஒரு எழுத்துக்கு என்ன யோசனை? முன்னாடி போடுன்னா போடணும். அது மட்டுமா, 'கையில்'னு எழுத வேண்டியதை 'கைல'ன்னு எழுத விடுறீங்க."

"முதல்ல வாயில வர்றது கைல வரட்டும் மேடம். புத்தகத்துல வர்றது அப்புறம் வரும்."

"அப்புறம்னா எந்த மாசம்?"

தலைமை டீச்சர் மேசையிலிருந்து கோடு போட்ட ஒரு தாளை எடுத்து நீட்டினார். கற்றல் கற்பித்தல் குறித்த எனது நம்பிக்கைகள் என்று மேலே அச்சடித்திருந்தது. "எல்லாரும் எழுதணும், வியாழக்கிழமைக்குள்ள. வெள்ளிக்கிழமை உங்க வகுப்புக்கு வர்றேன். ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்றேன். சரியா வரலன்னா அடுத்த பருவத்துல சின்ன டீச்சர் முதல் வகுப்பு எடுத்துக்கட்டும், நீங்க அஞ்சாவதுக்குப் போயிடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று மத்தியானம் தண்ணீர் குடிக்கக்கூட மறந்துபோனாள்.

அந்தத் தாள் மூன்று நாள் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. மாலை வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் விரித்துவைப்பாள். பேனாவைத் திறப்பாள், மூடுவாள். சின்ன டீச்சர் இரண்டு பக்கமும் நிரப்பிக் கொடுத்துவிட்டாளாம், மணி மணியான எழுத்தாம். இவளுக்கு ஒரு வரி வரவில்லை. வகுப்பில் நாள் முழுக்கச் செய்கிறதைத் தாளில் நம்பிக்கை என்று எழுதப்போனால் அது யாரோ கடன் கொடுத்த சட்டை மாதிரி தொளதொளவென்று இருந்தது.

வீட்டுக்காரர் கை கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சரம்மா, இன்னும் வீட்டுப்பாடம் முடிக்கலையா?"

"உங்களுக்குக் கிண்டலா இருக்கு."

"எனக்கு என்ன நம்பிக்கைன்னு கேட்டா டக்குனு சொல்லுவேன். தண்ணி வரும்னு நம்புறேன். வரலன்னா எங்க அடைச்சிருக்குன்னு பாக்குறேன். குழாயைப் போட்டு அடிக்க மாட்டேன்."

"பிள்ளைங்க குழாய் இல்ல."

"குழாய் பரவாயில்ல, கொம்பு ஏன்னு கேக்காது" என்று சொல்லிவிட்டு, அவள் முறைக்கிறதற்குள் உள்ளே போய்விட்டார்.

கடைசியில் புதன்கிழமை இரண்டே வரி எழுதினாள். 'பிள்ளை சும்மா தப்புச் செய்யாது. அதற்கு ஒரு காரணம் இருக்கும்.' கீழே கையெழுத்து. மிச்சத் தாள் வெறும் கோடு. வியாழக்கிழமை அதை நான்காக மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். இதோடு முதல் வகுப்பு போயிற்று என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை தலைமை டீச்சர் வந்தார். நாற்காலி வேண்டாம் என்று சொல்லிப் பிள்ளைகளோடு பெஞ்சிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தது அந்த ஆடுகிற பெஞ்சு. பால்காரர் மகளின் நோட்டைக் கையில் எடுத்தார். பந்து கைல இருக்கு என்று அந்தப் பெண் எழுத நினைத்தது. ஆனால் கொம்பைத்தான் அவள் பின்னால் போடுகிறவளாயிற்றே. க போட்டாள், பிறகு கொம்பு, பிறகு ல. கொம்பு போய் ல-வுக்கு முன்னால் நின்றுகொண்டது. படிக்கிறவர்களுக்கு அது 'பந்து கலை இருக்கு' என்று ஆகிவிட்டது.

தலைமை டீச்சர் நோட்டைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார். "கலை யாரு? எழுந்திரு பார்ப்போம்."

யாரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கு வரலையா? அவகிட்ட பந்து இருக்காமே." வருகைப் பதிவேட்டை வாங்கி விரல் வைத்து மேலிருந்து கீழே பார்த்தார். முப்பத்தொரு பேர். கலை என்று ஒருத்தியும் இல்லை. "பேரே இல்லையே, டீச்சர். இந்தப் பிள்ளையை இன்னும் சேர்க்கலையா?"

இவளுக்கு நாக்கு முந்திக்கொண்டது. இருபத்தாறு வருஷத்துப் பழக்கம் சும்மா இருக்குமா? "கலை எப்படி வந்துச்சு மேடம்?" என்று கேட்டேவிட்டாள். அதே குரல், புடவை எங்கே எடுத்தாய் என்கிற குரல்.

கேட்டபிறகுதான் உறைத்தது. மேலதிகாரியை, அதுவும் முப்பத்தொரு பிள்ளைகள் முன்னால்.

தலைமை டீச்சர் கணக்குப் படித்தவர் அல்லவா, கேட்ட கேள்விக்கு வழிமுறையோடு பதில் சொன்னார். "இதோ க. அப்புறம் கொம்பு. கொம்பு ல-வுக்கு முன்னாடி நிக்குது. அப்ப லை. கலை."

"அது ல-வோட கொம்பு இல்ல" என்றாள் பால்காரர் மகள். "க-வோடது."

"அப்ப ஏன் ல பக்கத்துல நிக்குது?"

"க-வுக்குப் பின்னாடி நிக்குது மேடம். கால் நிக்கிற மாதிரி."

தலைமை டீச்சருக்கு இப்போதுதான் விளங்கியது. வாய்விட்டுச் சிரிக்கவில்லை, ஆனால் உதடு ஒரு பக்கம் போயிற்று. "அடடா, அதான் சேதியா? இங்க பாரு. கால் பின்னாடி வரும், கொம்பு முன்னாடி வரும். அவ்வளவுதான், இதுல யோசிக்க..."

பால்காரர் மகள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வாயைத் திறந்தபடி கரும்பலகை மூலையைப் பார்த்தாள். "கொம்பு முன்னாடி. கால் பின்னாடி." மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "எங்க வீட்டு மாடு மாதிரி. கொட்டகைக்குள்ள நுழையறப்ப கொம்புதான் முதல்ல வரும். அப்புறம் உடம்பு. காலு பின்னாடி." விடுவிடுவென்று கரும்பலகைக்குப் போனாள். கொம்பு போட்டாள், க போட்டாள், பின்னால் கால் போட்டாள். கொ. "டீச்சர், இது முழு மாடு."

முப்பத்தொரு பேரும் ஒரே சத்தம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "வாலு எங்கடி?"

"வாலு கு-வுக்கு இருக்கு" என்றது இன்னொன்று.

தலைமை டீச்சர் எழுந்திருக்கப் போனார், பெஞ்சு ஆடியது, மறுபடி உட்கார்ந்தார். மூலைக் கட்டத்தை அழிக்கலாமா என்று எப்படி டீச்சர் பால்காரர் மகளைக் கண்ணால் கேட்டாள். அவள் தலையாட்டியதும் டஸ்டரை அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

எழுத்துக்கு மாடு காரணமா, வேறு ஏதாவது காரணமா என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். அன்றைக்கு எழுதிய நோட்டில் முப்பத்தொரு பேரில் ஒரு பிள்ளைகூடக் கொம்பை இடம் மாற்றிப் போடவில்லை. இரண்டு வாரம் வீண் என்று யார் வந்து சொன்னாலும் ஒப்புக்கொள்கிறதற்கில்லை.

மணி அடித்தபிறகு தலைமை டீச்சர் வாசலில் நின்று அந்த மடித்த தாளை நீட்டினார். "ரெண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கீங்க. நேத்து படிச்சப்ப கோபம் வந்துச்சு. பென்சில்ல ஒண்ணு எழுதி வெச்சேன், பாருங்க."

இரண்டு வரிக்குக் கீழே சின்னதாக எழுதியிருந்தது: 'எப்படி?'

இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா கேட்டீங்க மேடம்."

"திங்கட்கிழமைக்குள்ள பதில் வேணும். தாள் முழுக்க. முதல் வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா ரெண்டு வாரக் கணக்கை எனக்கு ஈடு கட்டிக் கொடுக்கணும், அதுல விட மாட்டேன்." இரண்டடி போய்த் திரும்பினார். "அந்தப் பெஞ்சையும் சரி பண்ணச் சொல்லுங்க."

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தாள். எழுது என்று சொன்னபோது வராதது, எப்படி என்று கேட்டதும் வந்தது. மரத்துக்குப் பெரிய ற போட்டதிலிருந்து ஆரம்பித்தாள். முன்பக்கம் முடிந்து பின்பக்கம் போனாள். வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து தலைகீழாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"என்ன டீச்சரம்மா, ஒரு பெஞ்சுல ஒரு கால் மட்டும் மூணு விரல்னு எழுதியிருக்கீங்க. அது எப்படி வந்துச்சுன்னு என்னைக் கேட்டீங்களா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். நியாயமான கேள்விதான். இத்தனை வருஷம் கேட்கவில்லை.

"சரி, சொல்லுங்க. எப்படி வந்துச்சு?"