திருப்பிக் கேட்ட மொய்

கொள்ளு வேகும்போது எழும் வாசம் வேறெந்தப் பயறுக்கும் கிடையாது. நனைந்த சாக்கும் காய்ச்சிய வெல்லமும் கலந்ததுபோலக் கொஞ்சம் கனமாக, கொஞ்சம் இனிப்பாக, வாசற்படியைத் தாண்டித் தெருவில் போய் நின்றுகொள்ளும். நான் ஆறாவது, ஏழாவது படித்த காலத்தில், எடப்பாடியில் நாங்கள் இருந்த தெருவில், அந்த வாசத்தை வைத்தே எங்கள் வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம். அது தானாகப் பரவிய வாசமும் அல்ல. அம்மா வேண்டுமென்றேதான் அதைத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

வீட்டின் பின்பக்கம் அப்பா நான்கு தறிகள் போட்டுத் துண்டு ஓட்டிக்கொண்டிருந்தார். வெளியூர் வியாபாரி ஒருவர் ஒரு பருவத்துத் துணி முழுவதையும் கடனாக எடுத்துக்கொண்டு போய்க் கடையைச் சாத்திவிட்டார். துணி போன பிறகும் அதற்கு வாங்கிய நூலின் கடன் எங்களிடமே இருந்தது. அதில் பெரும் பங்கு எதிர்வீட்டு அர்த்தனாரிக்குச் சேர வேண்டியது. அவர் நூல்கடை வைத்திருந்தார். அவரும் மற்றக் கடன்காரர்களும் மாரியம்மன் கோயில் முன்னால் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தறிகள் எங்களிடமே இருக்கும். ஓட்டிச் சம்பாதித்து, ஒவ்வொரு அமாவாசைக்கும் சொன்ன தொகையைக் கட்ட வேண்டும். ஓர் அமாவாசை தவறினாலும் தறிகளைக் கழற்றி எடுத்துக்கொள்வார்கள். இப்படிக் கடனைப் பேசி முடித்துக் கட்டிவரும் குடும்பத்தை எங்கள் தெருவில் "பேச்சுல இருக்கற ஊடு" என்பார்கள். 

பேச்சில் இருக்கிற வீட்டின் அடுப்பில் ஊர் முழுவதற்கும் உரிமை உண்டு. அந்த வீட்டில் கறி வெந்தால், அது கடன்காரரின் பணத்தில் வேகிற கறி. பெண்பிள்ளை புதுப் பாவாடை கட்டினால் அது யார் வாங்கித் தந்தது என்ற கேள்வி சாயங்காலத்துக்குள் வந்துவிடும். அதனால் அப்படிப்பட்ட வீடுகள் கதவைச் சாத்திக்கொள்வதுதான் வழக்கம். அம்மா நேர்மாறாகத் தெருக்கதவை விடியற்காலையிலேயே திறந்து, நகராமலிருக்க ஒரு கல்லையும் வைத்துவிடுவாள். ஏன் என்று நான் கேட்டபோது, "சாத்துனா உள்ள கறி வேகுதும்பாங்க. தெறந்தே கெடக்கட்டும் சாமி, கொள்ளு வேகறது தெரியட்டும்" என்றாள்.

அர்த்தனாரியின் மனைவி சரசக்கா எதிர்வாசலில் நின்று ஒருநாள், "ஏனுங்க, இன்னிக்கும் கொள்ளுங்களா?" என்று கேட்டாள். கேள்வியில் கொஞ்சம் விசாரணையும் இருந்தது. "ஆமாங்கக்கா, எல்லாரும் குதிர ஆயிட்டா நல்லதுதானுங்க. தறிக்குக் கரண்டு கட்ட வேண்டியதில்ல, நாங்களே இழுத்துக்குவோம்" என்றாள் அம்மா. சரசக்கா சிரித்தபடியே உள்ளே போனாள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி வரவில்லை.

அம்மா குடும்பத்தை நடத்திய விதத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது. முதலில் அவள் செய்தது, மளிகைக் கடைக்குப் போய் எங்கள் பற்றுக்கணக்கை மூடியதுதான். இனி அவளே வந்து கெஞ்சினாலும் கடனுக்குச் சாமான் தரக் கூடாது என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாள். பாவம், அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. சந்தைக்கு எல்லோரும் காலையில் போனால், அவள் பொழுது சாய்ந்து கடைகளைக் கட்டுகிற நேரத்தில் போய், சுமந்து திரும்ப மனமில்லாமல் விற்கிற கத்தரிக்காயையும் பூசணித் துண்டையும் வாங்கி வருவாள். நாமக்கல் பக்கத்திலிருந்து முட்டை வண்டி வரும் நாளில் கீறல் விழுந்த முட்டைகளாகப் பார்த்துப் பாதி விலைக்கு எடுப்பாள். தறிக்கு அடியில் விழும் அறுந்த நூலைக்கூட வீணாக்காமல் சாக்கில் திணித்து வைப்பாள். சங்ககிரி லாரிப் பட்டறைகளில் கை துடைக்க அது வேண்டுமென்று சைக்கிளில் ஒருவர் வந்து எடைக்கு வாங்கிப் போவார். எங்கள் பள்ளிச் செலவு அந்தச் சாக்கிலிருந்துதான் வந்தது. தவணைப் பணம் கம்பு வைத்திருந்த தகர டப்பாவுக்குள் ஒரு துணியில் முடிந்து புதைந்திருக்கும். அந்த டப்பாவில் நாங்கள் கை வைக்க மாட்டோம். இருந்தாலும் களி கிண்டும் நாளில் தட்டில் ஒரு கரண்டி அதிகம் கேட்டால் "அதுக்கென்ன" என்று போட்டுவிடுவாளே தவிர, பஞ்சப்பாட்டு பாடியதில்லை.

அப்பாவுக்கு இந்தத் திறந்த கதவு பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல, உழைப்புக்கு அஞ்சியவரும் அல்ல. ஆனால் நாலு பேர் முன்னால் குறைந்து நிற்பது அவரால் முடியாத காரியமாக இருந்தது. டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஊரில் யாராவது இரக்கத்தோடு "எப்படீப்பா போகுது" என்று கேட்டால் முகம் சிவந்துவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் அவருடைய கூட்டாளி ஒருவரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் மொய் எழுதுவதென்றால் ஊரறிய எழுதுவதுதான். மேசை போட்டு ஒருவர் எழுத, பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பார். சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் கேட்கும். என் காதுகுத்துக்கு அந்த வீட்டார் ஐம்பத்தொன்று வைத்திருந்தார்கள். அதைத் திருப்பி வைப்பது எங்கள் கடமை. அதற்கு அம்மா அறுந்த நூல் விற்ற காசில் ஐம்பத்தொன்றை எடுத்து அப்பாவிடம் கொடுத்திருந்தாள். நானும் அம்மாவும் பந்தியில் உட்கார்ந்து ரசத்துக்கு வந்திருந்தபோது மைக்கில் அப்பாவின் பெயர் வந்தது. தொடர்ந்து, "ஐநூத்தி ஒண்ணு" என்றது.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. கம்பு டப்பாவைத்தான் அவள் நினைத்திருப்பாள். அமாவாசை அந்த வாரக் கடைசியில் இருந்தது. எதிர்ப்பந்தியில் அர்த்தனாரி இலையிலிருந்து தலையைத் தூக்கி அப்பா நின்ற திசையைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் அவரும் இன்னும் இரண்டு கடன்காரர்களும் வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அர்த்தனாரி தறிகளைப் பார்த்தபடி, "நாங்க ஆறப்போட்டு வாங்கிட்டிருக்கறோம். நீங்க மைக்குல குடுக்கறீங்க" என்றார். அமாவாசைக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் மறுநாளே ஆளோடு வந்து தறியைக் கழற்றப்போவதாகவும் சொன்னார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காதுகுத்துக்கு அவர்களும் ஐநூறு வைத்தார்கள் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மொய்க்கடன் என்றால் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள். ஆனால் அவள், "அவுங்க நமக்கு வெச்சது அம்பத்தொண்ணுதானுங்க. மீதி இவரு கௌரவத்துக்கு வெச்சது. அமாவாசைக்கு நீங்க வாங்க, கொறையாம இருக்கும்" என்றாள்.

அவர்கள் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே போகிறோம் என்று கல்யாண வீட்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தின்பண்டக் கூடைகளைச் சுற்றி உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அம்மா ராசம்மா, விருந்து போதவில்லையோ என்ற முகத்தோடு எழுந்து வந்தாள். அம்மா அவளைத் தனியாகக் கூப்பிடவில்லை. எல்லோர் முன்னாலும்தான் சொன்னாள்.

"அக்கா, என்ற புள்ளைக்குக் காது குத்தறப்ப நீங்க வெச்சது அம்பத்தொண்ணு. எங்க கடம அதுதானுங்க. மீதி நானூத்தம்பது எங்க பணமில்ல, கடங்காரங்க பணம். குடுத்தீங்கன்னா வாங்கிட்டுப் போறேன்."

பந்தல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "மொய்க்கு மீதிச் சில்லற கேக்கறத இப்பத்தான் பாக்கறேன்" என்றார். சிலர் சிரித்தார்கள்.

"நானும் இப்பத்தாங்க கேக்கறேன்" என்றாள் அம்மா.

ராசம்மா உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்தாள். கூடவே ஒரு பொட்டலம் லட்டும் கொடுத்தாள். கோபித்துக்கொண்டு கொடுத்தாளா, மனமிரங்கிக் கொடுத்தாளா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. லட்டை அம்மா மறுக்கவில்லை. திரும்பும்போது சந்து வழியாகப் போகலாம் என்று நான் இழுத்தேன். அவள் கடைவீதி வழியாகவே நடந்தாள்.

எங்களுக்கு முன்பே செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. தான் ஊரில் இனி எப்படி நடமாடுவது என்று அப்பா கேட்டார். அம்மா பின்பக்கம் கையைக் காட்டி, "அவமானந்தானுங்க, எனக்கும் அவமானந்தான். ஆனா தறி ஓடுது கேளுங்க" என்றாள்.

அமாவாசைக்குப் பணம் குறையாமல் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அர்த்தனாரி எங்கள் வாசலில் வந்து நின்றதே இல்லை. முடிகிறபோது கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் ஏன் என்று கேட்டபோது, "மொய்யத் திருப்பிக் கேட்டு வாங்குன பொம்பள, கடன முழுங்க மாட்டா" என்றாராம். சரசக்கா சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும். கடன் முடிந்த மாதம் அம்மா முதல் காரியமாகக் கறி எடுத்துச் சமைத்தாள், அதே திறந்த கதவோடு. பல வருடங்கள் கழித்து என் கல்யாணத்தில் ராசம்மா வீட்டார் பெயரில் மைக்கில் "ஐநூத்தி ஒண்ணு" என்று வாசித்தபோது, அப்பா மணமேடைக்கு அருகில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவோ அந்த ஐநூற்றொன்றை எந்த விசேஷத்தில் திருப்பி வைப்பது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

இன்று நாங்கள் சேலத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். என் கணவர் கூட்டாகப் போட்ட போர்வெல் ரிக் வெளிமாநிலத்தில் வேலையில்லாமல் நின்றுபோனது. அதற்கு வாங்கிய கடனை வங்கியோடு பேசி, என் ஆசிரியர் சம்பளத்தையும் சேர்த்து மாதத் தவணை கட்டி வருகிறோம். மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம். பேசி முடித்துச் சில மாதங்கள் ஆன பின்னும், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் மணி அடித்து ஓயும்வரை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் கடன்காரருக்கு முகம் இல்லை. எங்கள் வீட்டில் என்ன வேகிறது என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. பக்கத்து வீட்டாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்று நான் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

போன வாரம் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி மகளுக்குக் கல்யாணம். கிளம்பும்போது மொய்க்கவர் மேசைமேல் இருந்தது. விரலால் தொட்டாலே தெரிந்தது, தடிமனாக இருந்தது. பிரித்துப் பார்த்தேன்: ஐயாயிரத்து ஒன்று. அந்தப் பணம் எதிலிருந்து வந்ததென்று எங்கள் இருவருக்குமே தெரியும். ஐநூற்றொன்றை வைத்துவிட்டு மீதியை அலமாரியில் வைத்தேன். அவர் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே பார்த்தார். சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "செரி, இப்பல்லாம் யாரும் மைக்குல படிக்கறதில்ல" என்றார்.

உண்மைதான். மண்டபத்தில் மைக்கும் இல்லை, பெயர் வாசிக்கிறவரும் இல்லை. ஓர் இளைஞன் கணினி முன் உட்கார்ந்திருந்தான். போனில் பணம் அனுப்புகிறவர்களுக்காகப் பக்கத்தில் ஓர் அட்டை நிறுத்தியிருந்தது. எங்கள் முறை வந்தபோது அவன் மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி, எவ்வளவு போடட்டும் என்று கேட்டான். பின்னால் உறவினர்கள் வரிசையாக நின்றார்கள். கணவர் என் பக்கத்தில்தான் நின்றார். நான் கவரை நீட்டி, "ஐநூத்தி ஒண்ணுங்க" என்றேன், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி.