கால் தரையில் இல்லாத ஆள்

1. அரையிறுதி

சலீம் விழுந்ததும் மைதானத்தில் ஒரு குரலும் எழவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனையில், சீமெந்துத் தரைக் கோர்ட்டில் கூடைப்பந்து அரையிறுதி. எனக்குப் பாடசாலைகளில் விளையாட்டுப் பயிற்றுவிப்பாளர் வேலை. எங்கள் பக்கத்துப் போட்டிகளுக்கு ரெபரியும் நான்தான்.

மருதமுனை நெசவாளர் அணியின் சலீம் பந்தைப் பறித்துக்கொண்டு தனியே ஓடி ரிங்குக்கு எழும்பினான். கடற்கரை அணியின் நிஸார் பின்னால் துரத்தி வந்தான். நல்ல உயரம், கரைவலை இழுத்து உரமேறிய தோள். அந்தத் தோளை, எழும்பியவனின் கால்களுக்குக் கீழே கொடுத்தான். சலீம் காற்றிலேயே புரண்டு வலக்கையை ஊன்றி விழுந்தான். தலையும் தரையில் இடித்தது.

"சேர், என்ட கை... தறிக்கயிறு இழுக்குற கை..." என்றான்.

நான் நிஸாரை வெளியேற்றினேன். கடற்கரை அணியின் கப்டன் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். "பவுலுக்கு ரெண்டு ஷொட் குடுங்க. ஆள என்னத்துக்கு வெளியாக்குறீங்க?"

"இது பவுல் இல்ல தம்பி. ஆளக் கொல்லுற வேல."

நிஸார் இல்லாமலும் அவர்கள் அந்த ஆட்டத்தில் வென்றுவிட்டார்கள். இறுதிப் போட்டிக்கு வந்ததும் அவர்கள்தான்.

2. ஹாஜியாரின் நெல் ஆலை

போட்டிக் குழுத் தலைவர் நெல் வியாபாரி ஹாஜியார். ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு அவருடைய ஆலையில் கூடினோம். குழுவில் நாங்கள் மூன்று பேர். நிஸாருக்குத் தடை போடுவதா என்று முடிவு செய்ய அவனையும் அழைத்திருந்தோம்.

"வெளியாக்கினீங்க, அதுவே தண்டனதானே மாஸ்டர்?" என்றார் ஹாஜியார். "பைனலுக்கு சனம் வாறது அவன்ட வெளாட்டப் பாக்க. ஊருக்குள்ள மனக்கசப்பும் வேணாம். முடிச்சிருவம்."

அந்த நேரம் பார்த்து, கையில் பிளாஸ்டர் கட்டோடு சலீம் வந்தான். நாங்கள் அவனைக் கூப்பிடவில்லை.

"நிஸார் வீட்ட வந்து சலாம் சொல்லி மன்னிப்புக் கேட்டான் ஹாஜியார். நான் பொறுத்துக்கிட்டன். அவன வெளாட விடுங்க."

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. "மறுகா என்ன பேச்சு? காயப்பட்டவனே பொறுத்துட்டான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் தலையாட்டுவது மிக எளிது. ஆனால், ஒரு நடுவர் தீர்ப்புச் சொல்வது விழுந்தவனுக்காக மட்டும் அல்ல, இனி எழும்பப்போகிறவர்களுக்காகவும்தான் என்று எனக்கு உறுதியாகப்பட்டது.

"சலீம், நீ பொறுத்தது ஒன்ட பெரிய மனசு. அல்லாஹ் அதுக்குக் கூலி தருவான். நான் கேக்கிறது வேற" என்றேன். பிறகு நிஸாரிடம் திரும்பினேன். "நீ பந்தப் பாத்தா போனாய், காலப் பாத்தா போனாய்?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"காலத்தான் சேர். பந்து எனக்கு எட்டாது. அவன் அதப் போட்டா தோத்திருவம் எண்டு நெனச்சன். கை முறியும் எண்டு நெனைக்கல்ல."

"ஒன்ட தம்பி எழும்பக்குள்ள ஒருத்தன் இப்படித் தோளக் குடுத்தா?"

நான் ஹாஜியாரைப் பார்த்துச் சொன்னேன்: "கால் தரையில இரிக்கிறவன் தள்ளினா தாங்குவான். காத்துல நிக்கிறவனுக்குப் பிடிக்க ஒண்டும் இல்ல. இவனுக்குப் பைனலும் இல்ல, அடுத்த சீசனும் இல்ல. நிஸார் வெளாடுறதெண்டா விசில வேற ஆள்ட்ட குடுங்க."

"கல்லு மனசு மாஸ்டர் ஒங்களுக்கு."

"ஓம் ஹாஜியார். இந்த விசயத்துல அப்படித்தான்."

மூன்றாவது ஆள் வங்கி உத்தியோகத்தர். அதுவரை வாயே திறக்காதவர், "மாஸ்டர் சொல்றதுதான் சரி" என்றார். தடை உறுதியானது. சலீம் என்னோடு கோபித்துக்கொண்டு போனான். நிஸாரின் காக்கா, அவனுடைய மூத்த அண்ணன், என் சலாமுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். அந்த வாரமே என் சைக்கிள் டயர் இரண்டையும் யாரோ கிழித்தார்கள். உருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மனம் மாறவில்லை.

3. இறுதிப் போட்டி

நான் கோர்ட்டுக்குள் இறங்கியதும் கடற்கரை அணியின் ஆட்கள் பக்கம் ஊளை கிளம்பியது. ஆட்டம் கடைசிவரை இழுபறி. முடிகிற தறுவாயில் எதிரணிப் பையன் ஒருவன் தனியே ஓடி எழும்பினான். கடற்கரை அணியின் ரவூப் பின்னால் வந்தான். அரையிறுதியில் பார்த்த அதே தூரம், அதே கோணம். என் வாயில் விசில் இறுகியது.

ரவூப் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு ஒதுங்கினான். பந்து ரிங்குக்குள் விழுந்தது. பையன் இரண்டு காலிலும் இறங்கி, திரும்பி ஓடினான். விசில் அடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

கடற்கரை அணி அந்தப் புள்ளிகளால் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் ஆட்கள் ரவூபைச் சூழ்ந்துகொண்டு ஏசினார்கள். "புடிச்சிழுத்திருக்கலாமேடா!"

"இழுத்திருக்கலாம்" என்றான் அவன். "மறுகா அடுத்த வரிசம் நான் வெளியில குந்தியிரிக்கணும். அவன் ஆசுபத்திரியில கிடக்கணும்."

சலீமின் மணிக்கட்டு சற்றுக் கோணலாகத்தான் பொருந்தியது. தறியை விட்டுச் சாய வேலைக்கு மாறினான். நிஸார் தடை முடியும் முன்பே வெளிநாடு போய்விட்டான். அவன் விளையாட்டை நானும் ரசித்தவன்தான். அந்த இழப்பு எனக்கும் உண்டு.

இப்போது விசில் பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முரட்டு ஆட்டம் வேறு, ஆபத்தான ஆட்டம் வேறு. முதலாவதற்கு விசில் போதும். இரண்டாவதற்குத் தடை வேண்டும். காயப்பட்டவன் மன்னித்தாலும் வேண்டும், செய்தவன் நல்ல பிள்ளையானாலும் வேண்டும். எழும்புகிறவன் கீழே பார்க்காமல் எழும்ப வேண்டும். அந்தத் தைரியத்தை அவனுக்குக் கொடுப்பது நடுவரின் வேலை.