லக்சம்பர்க்கில் டீசல் சல்லிசு

காலையில் டீக்கடையில் உட்கார்ந்து போனைத் திறந்தால், ஐரோப்பாவில் எந்த நாட்டில் பெட்ரோல் மலிவு என்று ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. நான் கேட்கவில்லை, அதுவாக வருகிறது. ஒரு காலத்தில் வாராவாரம் நானே தேடிப் பார்த்ததால், இந்த ஆளுக்கு இதுதான் வேண்டும் என்று போன் முடிவு கட்டிவிட்டது. விருத்தாசலத்தில் ஒரு பழைய மொபெட்டை வைத்துக்கொண்டு, அதையும் பாதி நாள் தள்ளிக்கொண்டே போகிற எனக்கு டென்மார்க்கில் பெட்ரோல் என்ன விலை விற்றால் என்ன? பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "என்னா சார், வெளிநாடு போறீங்களா?" என்றார். இல்லை என்று சொல்லி போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

அந்தப் பட்டியலைப் பார்த்தால் எனக்கு வைக்கோல் வாசனைதான் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன். இங்கே ஒரு செராமிக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் வேலையில் இருந்தேன். மின்சாரப் பெட்டிகளில் மாட்டும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை வைக்கோல் வைத்து அடுக்கி லாரியில் ஏற்றுவோம். உடைந்ததற்கெல்லாம் டிரைவர் மேல் பழி விழக்கூடாது என்று, லோடோடு கம்பெனி ஆள் ஒருவர் போவது வழக்கம். அந்த ஆள் நான். டிரைவர் செல்வராசு. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. வியர்வையும் வைக்கோலும் பீடியும் கலந்த அந்த கேபினில்தான் என் இளமை போனது.

பாண்டிச்சேரிக்கு லோடு என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். நீங்கள் நினைக்கிற காரணமும் கொஞ்சம் உண்டு. ஆனால் பெரிய காரணம் டீசல். எல்லை தாண்டினால் விலை குறைவு. டேங்கைக் காயப்போட்டுக்கொண்டு போய், அங்கே கழுத்துவரை ரொப்பிக்கொண்டு வருவோம். ஒருமுறை அவன் இந்தப்பக்கம் ஒரு சொட்டுகூடப் போடமாட்டேன் என்று அடம்பிடித்ததில், எல்லைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் வண்டி நின்றுவிட்டது. எதிரிலேயே ஒரு பங்க் இருந்தது. அதை முறைத்துப் பார்த்துவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு எல்லைவரை வெயிலில் நடந்தான். நானும் நடந்தேன். டீசல் வறண்டு நின்ற வண்டியில், குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்தக் கூலியில், மிச்சம் பிடித்ததைப் போல நாலு மடங்கு போனது.

எங்கே எது சல்லிசு என்பது அவனுக்கு விரல்நுனியில் இருக்கும். வேப்பூர் ஓட்டல்களில் எதில் பரோட்டாவுக்கு இரண்டாம் தடவை சால்னா கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள், மங்கலம்பேட்டையில் எந்தக் கடையில் அரை பிரியாணி முக்கால் பிரியாணி அளவுக்கு இருக்கும், எல்லாம் தெரியும். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்த பிறகு, மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் மூலமாக வளைகுடாவுக்கு டிரைலர் ஓட்டப் போனான். அங்கிருந்து போலந்துக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். அதன்பிறகு ஐரோப்பா முழுக்க அவனுக்கு ரோடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனி போன்ற இடங்களில் லாரி ஓட்டக்கூடாதாம். எங்காவது ஒதுக்கி நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடுவான். நலமா என்றுகூடக் கேட்கமாட்டான்.

"மாப்ள, லக்சம்பர்க்குல டீசல் சல்லிசுடா. பக்கத்து நாட்டுக்காரன்லாம் வண்டிய எடுத்துகிட்டு வந்து ரொப்பிகிட்டுப் போறான். நம்ம பாண்டி மாரியே இருக்குது."

அவன் யூரோவில் சொல்வான், நான் ரூபாயில் சொல்வேன். இதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. சுவிட்சர்லாந்தில் ஒரு வேளை சாப்பாடு இரண்டாயிரத்துக்கு மேல் என்று நான் பெருக்கிச் சொன்னதும், அவன் கடையை விட்டு வெளியே வந்துவிட்டான். போலந்தில் உருளைக்கிழங்கு மலிவு என்று மூட்டையாக ஏற்றிக்கொண்டு, நாடு நாடாகப் போய் கேபினிலேயே வேகவைத்துத் தின்றான். "ஒண்ணுக்குப் போவ நூறு ரூவாடா, அதனால தண்ணியே குடிக்கறதில்ல" என்றான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் பெருக்கல் எவ்வளவு வேகம் என்று எனக்குப் பெருமை வேறு. சம்பளமும் யூரோவில்தானே வருகிறது, அதை ஏன் பெருக்கவில்லை என்று இந்த மரமண்டைக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

ஒரு ஞாயிறு, பெல்ஜியத்திலிருந்து பேசினான்.

"நாலு நாளா நெஞ்ச அடைக்குதுடா. வண்டில ஏறுனாலே மூச்சு வாங்குது. கேஸ் ட்ரபிளா இருக்குமா?"

"டாக்டர்கிட்ட போயேன்."

"எவ்ளோ ஆவும், பாத்துச் சொல்லு."

தேடினேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு என்று ஏதோ ஒரு பக்கத்தில் ஒரு தொகை போட்டிருந்தது. பெருக்கினேன். "ஆறாயிரத்துக்கு மேல வரும்டா. டெஸ்ட்டு எடுத்தா தனி."

"ஆறாயிரமா! நம்மூரு பாலக்கரை டாக்டரு முன்னூறு ரூவாய்க்குப் பாப்பாரு."

"சரி, சித்திரைல ஊருக்கு வர்ற இல்ல? இங்க வந்து பாத்துக்க."

நான்தான் சொன்னேன். அந்த வாக்கியத்தை வேறு யாரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் எல்லா வண்டிகளும் கிளம்பிய பிறகும் அவன் வண்டி மட்டும் நிற்பதைப் பார்த்து, கதவைத் திறந்திருக்கிறார்கள். உடல் ஊர் வந்து சேர மூன்று வாரம் ஆனது. பெட்டியைத் திறந்தபோது அவன் முகம் இளைத்துப் பாதியாக இருந்தது. நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அதே கம்பெனியில் ஓட்டும் திருச்சிக்காரர் ஒருவர், விடுமுறைக்கு வந்தவர், அவனுடைய பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். பர்ஸில் ஒரு நீல அட்டை இருந்தது. "இது மருத்துவ அட்டைங்க. எந்த நாட்டுல ஒடம்பு முடியலன்னாலும் கவர்மென்ட் ஆஸ்பத்திரில காட்டுனா பாப்பாங்க. அனேகமா காசே ஆகாது. மாசாமாசம் சம்பளத்துல புடிக்கறாங்களே. அவருக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். அந்தப் பிடித்தத்தை அவன் திட்டாத மாதம் இல்லை. அது எதற்கு என்று அவனும் விசாரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து நாட்டுத் தக்காளி விலை எங்களுக்குத் தெரியும். என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை.

நான் வேலை பார்த்த கம்பெனி இப்போது இல்லை. லோடோடு யாரும் துணைக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

காரியம் முடிந்த மறுநாள், பையைக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். அட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அவன் மனைவி தனம் பையைத் திறக்கவேயில்லை. மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ண்ணா, அந்த ஊர்ல டாக்டரப் பாக்க ரொம்ப ஆவுமா?"

"ஆமாம்மா. ரொம்ப ஆகும்."

"அதான் போவல. புள்ளைங்களுக்கு ஆவுமேன்னு பாத்திருப்பாரு."

ஆமாம் என்றேன். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு நிதானம் வந்தது. டீ போடுகிறேன் என்று உள்ளே போனவள் திரும்பி வருவதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பிறகு அந்த வீட்டுக்கு நான் போனதில்லை.