செத்த எலியும் ஊதாப் பூவும்

உலகத்தில் யாரும் பார்த்திராத செடியைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பி, அதற்கு என் மனைவியின் பெயரை வைக்கப்போவதாக அவளிடமே வாக்குக் கொடுத்த முட்டாள் நான். காரணம் இருந்தது. அந்த வருடம் அவள் பிறந்தநாளை மறந்திருந்தேன். பிறகு புடவை எடுத்துக் கொடுத்தும் முகம் தெளியவில்லை. செடிதான் கடைசி நம்பிக்கை.

அப்போது அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு பாறைமேட்டில், முள்புதருக்கு அடியில் அது நின்றது. இலையே கிடையாது. விரல் பருமனில், நாலு பட்டையாக, சதைப்பற்றான பச்சைத் தண்டு. நுனியில் மொட்டுகள் உருண்டையாகத் திரண்டிருந்தன. வேரோடு பெயர்த்து வந்து தொட்டியில் நட்டு, ஹால் ஜன்னலில் வைத்தேன்.

ஒருநாள் காலை மொட்டுகள் விரிந்தன. கறுப்பென்றே சொல்லக்கூடிய ஊதா. மனைவியைக் கூப்பிட்டு, "பார், உன் பூ" என்றேன். மூக்கைப் பொத்திக்கொண்டே பார்த்தாள். அன்று வீடெல்லாம் செத்த எலி நாற்றம்.

எங்கள் டவுன்ஷிப்பில் குழாய் சொட்டினாலும் மெயின்டனன்ஸ் ஆபீஸில் புகார் எழுதுவதுதான் வழக்கம். எலிக்கும் எழுதினேன். வந்தவர் பீரோவை நகர்த்தினார், பரணில் ஏறினார், தும்மிக்கொண்டே இறங்கினார்.

"எலியக் காணோம் சார். நாத்தம் மட்டும் கீது."

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தாவரவியல் டீச்சர், எலி கிடைத்ததா என்று விசாரிக்க வந்தார். நாற்றம் அவர் வீடு வரைக்கும் போயிருந்தது. பூவைப் பெருமையாகக் காட்டினேன். அதில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் குனிந்து முகர்ந்தார், சட்டென்று பின்வாங்கினார்.

கள்ளிமுளையானாம். வறண்ட பாறை நிலத்தில் சாதாரணமாக முளைப்பதாம். ஈக்கள் வந்தால்தான் மகரந்தச் சேர்க்கை நடக்கும் என்பதால், அழுகின மாமிசம் மாதிரி மணத்து அவற்றை வரவழைக்குமாம். லத்தீனில் பெயர்கூட எப்போதோ வைத்தாகிவிட்டதாம். பாடம் நடத்துகிற நிதானத்தில் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளம்பினார்.

தொட்டியைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தேன். உள்ளே மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, முடிந்தவரை சோகமாகச் சொன்னேன்: "அதுக்கு ஏற்கெனவே பேரு வெச்சுட்டாங்களாம். உன் பேர வைக்க முடியாது."

அவள் தலை நிமிரவில்லை.

"பொழைச்சேன், போங்க."